இருபத்தொன்று புள்ளி நான்கு

நாள் 212 | 06:10

வழக்கமான பதிவு. காற்றழுத்தம் சரி. குடிநீர் வடிகட்டி சரி. சூரியத் தகடுகளில் நான்காவது மட்டும் வழக்கம்போல் மக்கர்.

எழுதுவது கோகிலவாணி, மென்பொருள் பொறியாளர். இடம் நிலவின் தென்துருவம், மூன்றாம் நிலையம். இங்கே இரண்டே பேர். மற்றவர் இசக்கியப்பன், துளையிடும் பொறியாளர், பாளையங்கோட்டைக்காரர், என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். பனிக்கட்டி மாதிரி எடுப்பதற்காக ஐந்தரைக்கே வண்டியை ஓட்டிக்கொண்டு நிழல்பள்ளத்துக்குப் போய்விட்டார். ஒருநாளும் வெயில் படாத பள்ளம் அது. குளிர் மைனஸ் நூற்றறுபது. இங்கிருந்து இருபத்துமூன்று கிலோமீட்டர். நிலையத்துக்கு இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

இந்தப் பதிவேடு எனக்கடுத்து இந்த நாற்காலியில் உட்காரப்போகிறவருக்காக. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் ஏழு மாதமும் "எல்லாம் சரி" என்று இரண்டே சொல் எழுதிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார். நான் அப்படி ஒப்பேற்ற மாட்டேன்.

நாள் 212 | 07:35

வேலை ஒன்றும் இல்லை. அதனால் மணிக்கட்டுக் கருவியைப் பற்றி எழுதிவைக்கிறேன். விண்ணுடையின் இடது கையில் கட்டியிருப்பது. கைப்பேசிக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஆறு செயலிகள்: காற்று, வெப்பம், நாடி, பேச்சு, வரைபடம், கேமரா. ஆறையும் எழுதியது நான்.

ஓடுகிற செயலிக்குக் கருவி தன் நினைவகத்தில் ஓர் அறை ஒதுக்கும். ஓர் அறையில் இருப்பவர் இன்னோர் அறைக்குள் எட்டிப் பார்க்க முடியாது. ஒன்று கெட்டால் மற்றது கெடக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. ஆனால் அவர்களுக்குள் தகவல் பரிமாற வேண்டுமே. ஒவ்வொரு தடவையும் நகல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தால் இடமும் வீண், நேரமும் வீண். அதனால் நடைபாதையில் பலகை மாட்டுவதுபோல் நினைவகத்தில் ஒரு பொது இடம் வைத்திருக்கிறேன். வெப்பச் செயலி உடைக்குள் இருக்கும் வெப்பநிலையை அங்கே எழுதும். வேண்டியவர்கள் பார்த்துக்கொள்வார்கள். என் திரையில் தெரியும் எண்ணும் அந்தப் பலகையைப் பார்த்து ஒரு சின்னத் துணைச் செயலி அனுப்புவதுதான்.

இடம் போதவில்லை என்றால் கருவியே ஏதாவது ஓர் அறையைக் காலி செய்துவிடும். யாரிடமும் கேட்காது. கோவை அலுவலகத்தில் நாங்கள் அதற்கு வார்டன் என்று பெயர் வைத்திருந்தோம். என் செயலிகள் வார்டனுக்கு வேலை வைத்ததே இல்லை. அத்தனை சிக்கனம். இதைக் கொஞ்சம் திமிரோடுதான் எழுதுகிறேன்.

உடை வெப்பநிலை 21.9.

நாள் 212 | 08:31

விபத்து. பள்ளத்தின் மேற்குச் சரிவு இடிந்திருக்கிறது. இசக்கியப்பனிடமிருந்து வந்தது, சொன்னபடியே:

"பிள்ள, பாற சரிஞ்சிட்டு. வண்டி கவுந்து என் காலு மேல கெடக்கு. பெருசா வலியில்ல, காலே இல்லாத மாரி இருக்கு. உடை கிழியல. நீ பதறாத."

வண்டியின் வானொலி போய்விட்டது. மின்கலம் மட்டும் உயிரோடு இருக்கிறது; அதன் கம்பி உடையில் செருகியே இருப்பதால் மின்சாரத்துக்குக் கவலை இல்லை. காற்று பதினான்கு மணி நேரத்துக்கு வரும். எங்களுக்கு நடுவே இருப்பது மணிக்கட்டுக் கருவி ஒன்றுதான்.

மேற்கு முகாமுக்குச் சொல்லியாயிற்று. அங்கிருக்கும் தனிஸ்லாஸ் தன் வண்டியோடு கிளம்பிவிட்டார். பள்ளத்துக்கு வந்துசேர எட்டு மணி நேரம். கணக்குப்படி ஆறு மணி நேரக் காற்று மிச்சம் இருக்கும். தப்பித்துவிடுவார்.

நாள் 212 | 09:20

கருவியிலும் அடிபட்டிருக்கிறது. நினைவகச் சில்லில் கீறல். 512 மெகாபைட் இருந்த இடத்தில் 230தான் தெரிகிறது. கீறல் வளர்கிறது போலும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏழெட்டு குறைகிறது.

09:12க்கு வார்டன் காற்றுச் செயலியை வெளியே தள்ளிவிட்டது. அதுவாகவே மறுபடி ஓடத் தொடங்க ஐம்பது விநாடி ஆனது. ஐம்பது விநாடி அவருக்குப் புதுக்காற்று இல்லை. நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

"ஒரு மாரி அடைச்சிச்சு, இப்பம் சரியாயிட்டு" என்றார்.

வரைபடத்தையும் கேமராவையும் மூடினேன். 41 கிடைத்தது. உடை வெப்பநிலை 22.3.

நாள் 212 | 10:25

நினைவகம் 178. நாடிச் செயலியையும் மூடினேன். கருவி தனக்குத்தானே எழுதிக்கொள்ளும் குறிப்புகளை எனக்கு அனுப்புவதையும் நிறுத்தினேன். மனிதர் காதோரம் ஓயாமல் பேசிக்கொண்டிருக்கும்போது நாடியை வேறு பார்க்க வேண்டுமா. உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

உண்மையிலேயே ஓயாமல் பேசுகிறார். இருநூற்றுப் பன்னிரண்டு நாளாக இதே கதைதான். சாப்பிடும்போது பேச்சு, குழாய் மாற்றும்போது பேச்சு. காதில் எதையாவது செருகிக்கொண்டு உட்கார்ந்த நாட்கள் உண்டு. இன்று ஒரு சொல் விடாமல் கேட்கிறேன்.

வெப்பநிலை 20.8. தனிஸ்லாஸ் இன்னும் ஆறு மணி நேரத் தொலைவில்.

நாள் 212 | 11:30

பாளையங்கோட்டையிலிருந்து அவர் மனைவி செண்பகவல்லி, கட்டுப்பாட்டறை வழியாக:

"ஏம்மா வாணி, அவியள்ட்ட ஒரு வார்த்த பேசிக்கிடுதேன். குடுக்கியா?"

வெளி அழைப்பை இணைத்தால் பேச்சுச் செயலி இன்னும் முப்பது கேட்கும். காற்று மறுபடி விழும். சொன்னேன்: "அக்கா, கருவில இடம் பத்தாதுங்க. சாயங்காலம் வெளிய எடுத்தொடன ஆற அமரப் பேசுங்க."

"சரிம்மா. நீ பாத்துக்கிடுத, எனக்கு என்ன பயம்."

இப்போதைக்கு இதுதான் சரியான முடிவு.

நாள் 212 | 12:05

138. கீறல் வளர்வது தணிந்து இப்போது பத்து நிமிடத்துக்கு இரண்டுதான் குறைகிறது. ஆனாலும் வார்டன் காற்றை இரண்டாவது தடவையாகத் தள்ளியது. இந்த முறை எழுந்துவர எழுபது விநாடி. அவர் மூச்சு இரைப்பது கேட்டது.

மிச்சம் ஓடுவது காற்று, வெப்பம், பேச்சு, எனக்கு எண் அனுப்பும் சின்னச் செயலி ஒன்று. இவற்றில் அதிக இடம் பிடிப்பது பேச்சு. அதுவே 62. அதை மூடினால் தனிஸ்லாஸ் வரும்வரை காற்றுக்கு ஆபத்தில்லை. மூடினால் மட்டும் போதாது, அவர் பழக்கதோஷத்தில் பொத்தானை அழுத்திவிட்டால் அது மறுபடி திறந்துகொண்டு வார்டனைக் கிளப்பிவிடும். ஆகவே பூட்டும் போட வேண்டும்.

அவர் சொதியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "சும்மா தேங்காப்பாலுக் கொழம்புன்னு நெனைக்காத பிள்ள. எங்க ஊர்ல மறுவீட்டுப் பந்திக்கு அதான். கூட இஞ்சித் தொவையலு இல்லாம எல போட மாட்டாவ. ஏன்னா கேளு."

நான் நடுவில் புகுந்தேன். "அண்ணா, பேச்ச மூடறேனுங்க. காத்துக்கு எடம் வேணும். நாலு மணி நேரம். அசையாமத் தூங்குங்க. தனிஸ்லாஸ் வந்து எழுப்புவாரு."

"தூங்கவா? சரி, நீ சொன்னாச் சரி. முழிச்சதும் மிச்சத்தச் சொல்லுதேன்."

12:05:40க்கு மூடினேன். பூட்டினேன். நினைவகத்தில் நான் எதிர்பார்த்ததைவிட அதிக இடம் கிடைத்தது. நல்லதாய்ப் போயிற்று.

வெப்பநிலை 21.4.

நாள் 212 | 13:00

காற்றுச் செயலி தடங்கலின்றி ஓடுகிறது. வார்டன் தலைகாட்டவில்லை. வெப்பநிலை 21.4.

நிலையம் இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை.

நாள் 212 | 14:00

காற்று சரி. 21.4. காற்றுச் செலவு கூடியிருக்கிறது, வலியாக இருக்கலாம். பாவம், பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார்.

நாள் 212 | 15:00

காற்றுச் செலவு நன்றாகக் குறைந்துவிட்டது. தூங்குகிறார். 21.4.

இஞ்சித் துவையல் ஏன் என்று கேட்க வேண்டும்.

நாள் 212 | 16:22

தனிஸ்லாஸ் பள்ளத்தில் இறங்கிவிட்டார். அவர் கன்னியாகுமரிப் பக்கம். அவர் வானொலியிலிருந்து, சொன்னபடியே:

"வாணி, முகக் கண்ணாடிக்க உள்ள முழுசும் ஐசு. கூப்பிட்டா அனக்கமில்ல."

"தூங்கறாருங்க. உள்ள இருபத்தொண்ணு புள்ளி நாலு டிகிரி இருக்குது. நல்லாப் பாருங்க."

"ஒனக்க கம்ப்யூட்டர்ல இருக்கும். இஞ்ச இல்ல."

"என்ர திரையில தெரியுதுங்க. இப்பக்கூட."

"மக்கா, ஆளு ஒறைஞ்சு கெடக்காரு."

திரையில் இப்போதும் 21.4.

நாள் 213 | 09:00

தனிஸ்லாஸ் உடலைக் கொண்டுவந்தார். குளிர்க்கூடத்தில் வைத்திருக்கிறோம். அவரைத் தூங்க அனுப்பிவிட்டு மணிக்கட்டுக் கருவியைத் திறந்தேன். கிடைத்ததை எழுதுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு கோவையில் நினைவகச் சிக்கனத்துக்காக ஒரு காரியம் செய்தேன். தனி அறை என்றால் சும்மா திறப்பதற்கே இருபது போய்விடும். வெப்பமும் பேச்சும் இரண்டும் எந்நேரமும் ஓட வேண்டியவை. எதற்கு இரண்டு அறை என்று இரண்டையும் ஒரே அறையில் போட்டேன். அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. அலுவலகத்தில் பாராட்டினார்கள். அப்புறம் மறந்துவிட்டேன்.

வார்டன் செயலியைப் பார்ப்பதில்லை, அறையைத்தான் பார்க்கும். பேச்சை மூடு என்று நான் சொன்னதும் அந்த அறை மொத்தமும் காலியானது. வெப்பச் செயலியும் அதோடு போனது. எதிர்பார்த்ததைவிட அதிக இடம் கிடைத்தது என்று நேற்று மகிழ்ந்து எழுதியிருக்கிறேன், மேலே பாருங்கள். அந்த அதிகப்படி இடம்தான் அவருடைய வெப்பம். சாதாரணமாக அது தானாகவே எழுந்துவந்திருக்கும். நான் போட்ட பூட்டு அந்த அறையையே திறக்கவிடவில்லை.

பலகை மட்டும் அழியவில்லை. பொது இடத்தை யாராவது ஒருவர் பிடித்துக்கொண்டிருக்கும்வரை கருவி அதைத் துடைக்காது. எண் அனுப்பும் சின்னச் செயலி பிடித்துக்கொண்டிருந்தது. எழுதியவர் போய்விட்டார், கடைசியாக எழுதிய 21.4 அப்படியே இருந்தது. நான்கு மணி நேரம் அதையே படித்துக்கொண்டிருந்தேன். எப்போது எழுதப்பட்டது என்ற நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லியிருக்கலாம். எட்டு எழுத்து இடம் மிச்சம் என்று விட்டுவிட்டேன்.

உயிருள்ள ஆள் இருக்கும் உடையின் வெப்பம் நாலு மணி நேரம் ஒரு புள்ளிகூட அசையாமல் இருக்குமா. காலையில் 21.9, 22.3, 20.8 என்று ஏறி இறங்கியதை நானேதான் எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை.

நாள் 213 | 09:50

கருவியின் உள்குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது.

பேச்சுப் பொத்தான் அழுத்தப்பட்டது. கோரிக்கை மறுக்கப்பட்டது, காரணம் பூட்டு.

இந்த வரி முப்பத்தேழு தடவை. முதலாவது 12:41. கடைசி 14:26. முதலில் ஐந்து நிமிடத்துக்கு ஒன்று. ஒன்றரை மணி வாக்கில் நிமிடத்துக்கு ஒன்று. கடைசி மூன்றுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

அவர் தூங்கவே இல்லை. குளிர்கிறது என்று சொல்ல என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் இங்கே உட்கார்ந்து வலி என்று எழுதினேன், தூக்கம் என்று எழுதினேன்.

நாள் 213 | 15:10

கட்டுப்பாட்டறையிலிருந்து மேலாளர் வரதராஜுலு:

"கோகிலவாணி, ரிப்போர்ட்ல கருவிக் கோளாறுன்னு போட்டுடலாம். பொய் இல்லையே, சில்லு உடைஞ்சது நிஜம்தானே. உங்க மேல எதுக்கு வீணா."

"சில்லு உடைஞ்சு அவரு சாகலைங்க சார். நான் மூடினதாலதான் செத்தாரு."

"நீங்க மூடலைன்னா காத்து நின்னு செத்திருப்பாரு."

"அது எனக்குத் தெரியாதுங்க. உங்களுக்கும் தெரியாது."

இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். அறிக்கையை நானே எழுதினேன். ஒரே அறை, பூட்டு, நேரம் எழுதாத பலகை, முப்பத்தேழு அழுத்தல், ஒன்றும் விடவில்லை. யாருக்காகவும் ஒரு வரியையும் மழுப்பப்போவதில்லை. விதிப்படி முப்பது நாளில் அதன் பிரதி குடும்பத்துக்குப் போகும்.

நாள் 214 | 10:30

செண்பகவல்லி அக்கா அழைத்தார். நானே கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டு நாளாகத் தைரியம் வரவில்லை.

தப்பு என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டேன். பேச்சும் வெப்பமும் ஒரே இடத்தில் இருந்ததை மறந்து மூடிவிட்டேன் என்று சொன்னேன். அவர் அழவில்லை. அங்கே ஏதோ பாத்திரத்தை எடுத்துவைக்கும் சத்தம் கேட்டது. பிறகு:

"நீ வேணும்னேயா செய்வ? விடு. எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. தூக்கத்துலயே போயிட்டாவளா? கஷ்டப்பட்டாவளா?"

முப்பத்தேழு என்ற எண் என் முன்னால் திரையில் இருந்தது.

"தூக்கத்துலதானுங்க அக்கா. ஒண்ணுமே தெரிஞ்சிருக்காதுங்க."

"பேசாம இருக்க மாட்டாவளே. அதான் கேட்டேன்."

"தூங்கிட்டாருங்க."

"சரிம்மா. நீ சாப்டியா?"

நாள் 214 | 11:15

அறிக்கையைத் திறந்து அழுத்தல்களைப் பற்றிய பத்தியை எடுத்துவிட்டேன். மற்றவை அப்படியே. கருவியின் உள்குறிப்பையும் துடைத்துவிட்டேன். ஒருவரின் கடைசி இரண்டு மணி நேரத்தை இந்த விரலால் அழித்தேன்.

அக்காவுக்காகத்தான் செய்தேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் செய்தாய் என்று யாராவது சொன்னால் மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க இப்போது எனக்குத் தெம்பில்லை.

இதைப் படிப்பவர் யாரானாலும், இந்தப் பதிவேட்டில் மட்டும்தான் அது இருக்கிறது. அக்காவிடம் சொல்லாதீர்கள். விசாரணைக்காரர்களிடம் சொல்லலாம். இல்லை, தெரியவில்லை. உங்களுக்குச் சரி என்று பட்டதைச் செய்யுங்கள். நான் செய்ததெல்லாம் எனக்குச் சரி என்று பட்டதுதான்.

நாள் 215 | 08:05

தனிஸ்லாஸ் கவிழ்ந்த வண்டியை எடுக்கப் பள்ளத்துக்குப் போக வேண்டும். அவருக்கும் இதே கருவி. விசாரணை முடியும்வரை நிரலில் கை வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. மதிக்கவில்லை.

வெப்பத்துக்குத் தனி அறை கொடுத்தேன். பலகையில் எண்ணுக்குப் பக்கத்தில் நேரம் எழுத வைத்தேன். அவருடைய உடையைக் குளிர்க்கூடத்துக்கு வெளியே மாட்டிவைத்துப் பேச்சை மூடினேன், பூட்டினேன்.

வெப்பம் ஓடுகிறது. 21.2. 21.3. 21.1.

மறுபடி மூடினேன். ஓடுகிறது. மறுபடியும். ஓடுகிறது.

08:05க்கு உட்கார்ந்தேன். இப்போது மணி 08:13.

எட்டு நிமிட வேலை.